உட்பரிசோதனையும் கருச்சிதைவும்: ஓர் அச்சத்தின் ஆராய்ச்சி

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் வழியில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் கோபாலபுரம் என்னும் ஊர் உள்ளது. கணவாய் வழியாக வீசும் காற்றும், வயல் வரப்புகளில் வரிசையாக நிற்கும் பனைகளும் இப்பகுதிக்குத் தனித் தோற்றத்தைத் தருகின்றன. சித்தூர் வட்டத்தின் எல்லைக் கிராமங்களிலும், தெற்கே இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு முதலிய தோட்டப் பகுதிகளிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்படக் கூடிய ஓர் அச்சத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு முறை கருவை இழந்த பெண் ஒருத்தி மீண்டும் கருவுற்றிருக்கிறாள் எனக் கொள்வோம். ஏழாவது வாரம் நடக்கிறது. வீடு தேடிச் சென்ற செவிலியர், மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரும்படி கூறுகிறார். அவள் மறுக்கிறாள். “போன தடவை உள்ளே விட்டுப் பார்த்த மறுநாளேதானுங்க சிஸ்டர் கலைஞ்சு போச்சு. இந்தத் தடவை வேண்டாமுங்க” என்பது அவள் விடை. அருகிலிருக்கும் மாமியாரும் அதையே வற்புறுத்துகிறார்.

இங்கே செவிலியர் என்ன செய்ய வேண்டும்? சினந்து பேசினால் அடுத்த முறை அவ்வீட்டுக் கதவு திறவாது. “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று பொதுவாகச் சொல்லிப் போனால் அவள் நம்பமாட்டாள். ஏனெனில் அவள் கூறியது கற்பனை அன்று. பரிசோதனை நடந்தது உண்மை. மறுநாள் கரு கலைந்ததும் உண்மை. முன்னது பின்னதற்குக் காரணமா என்பதே கேள்வி. அதற்கு விளக்கமான விடை கூறுவது நம் கடமை.

காரணம் எப்போது தொடங்குகிறது?

உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்கள் நூற்றை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பதினைந்து கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்பவை. அவ்வாறு தொடக்கத்தில் கலைந்த கருக்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதியிலோ அதற்கும் மேலாகவோ குரோமோசோம்களின் எண்ணிக்கையில் பிழை இருப்பது தெரியவந்தது. ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ அமைந்துவிட்டால் கரு நெடுநாள் வளர இயலாது. இப்பிழை பெரும்பாலும் முட்டையும் விந்தும் உருவாகும்போதோ, அவை கூடிய ஓரிரு நாட்களிலோ தோன்றுவது. அதாவது, தான் கருவுற்றிருப்பதை அப்பெண் அறிவதற்கு முன்பே முடிவு நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. குடம் சுமந்ததோ, ஜீப்பில் குலுங்கியதோ, பப்பாளி தின்றதோ, மருத்துவர் தொட்டுப் பார்த்ததோ அதற்குக் காரணம் ஆகாது.

மற்றோர் உண்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். கருவின் வளர்ச்சி நின்ற அன்றே இரத்தப்போக்கு தொடங்குவதில்லை. பல நாட்கள், சில வேளைகளில் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே கறை தென்படும். கறை கண்ட பெண் அஞ்சி மருத்துவமனைக்கு ஓடுகிறாள். அங்கே பரிசோதனை நடக்கிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கரு வெளியேறுகிறது. அவள் மனத்தில் நிற்பது இறுதியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். பழம் முன்பே காம்பு அற்றிருந்தது. காக்கை உட்கார்ந்ததை மட்டுமே நாம் கண்டோம்.

இதனைக் கணக்காகவும் விளக்கலாம். கருவுற்ற தொடக்கத்தில் நால்வரில் ஒருவருக்குச் சிறிதளவேனும் இரத்தக் கசிவு உண்டாகிறது. அவ்வாறு கசிவு கண்டு பரிசோதனைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கர்ப்பம் தடையின்றித் தொடர்கிறது. குழந்தையைப் பெற்றெடுத்தவள் ஏழாம் வாரத்து ஸ்கேனைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. இழந்தவளோ அதை மறப்பதே இல்லை. ஆகவே, ஊரில் உலவும் கதைகள் எல்லாம் ஒரு பக்கத்துக் கதைகளாகவே அமைந்துவிடுகின்றன.

கருவி செய்வது என்ன?

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி உணராது. ஸ்கேன் கருவி வினாடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குகிறது. கிணற்றில் கூவினால் குரல் திரும்பி வருவது போன்றதே இது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. தொழிற்சாலைகளில் உலோகத்தில் மறைந்துள்ள வெடிப்புகளைக் கண்டறியப் பயன்பட்ட கருவியைக் கொண்டு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்ட் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். மகப்பேற்று மருத்துவத்தில் ஸ்கேன் வளர்ந்த வரலாறு இங்ஙனம் தொடங்கியது.

ஏழாம் வாரத்தில் கருவின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். வயிற்றின் மேற்புறத்திலிருந்து பார்த்தால் அது தெளிவாகத் தெரியாமற் போகலாம். 1980களில் பரவலான உள்வழி ஸ்கேனில், விரல் பருமனுள்ள ஒரு முனை உறையிடப்பட்டு, பிறப்பு வழியில் சில சென்டிமீட்டர் தொலைவு மட்டும் செலுத்தப்படுகிறது. கருப்பையின் வாய் மூடியே இருக்கும். கருவி அதற்குள் நுழைவதில்லை. கரு இருக்கும் இடத்தைத் தொடுவதும் இல்லை. இப்பரிசோதனையால் கருச்சிதைவு கூடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. தேவைக்கேற்ற குறைந்த நேரமும் குறைந்த ஆற்றலும் போதும் என்பதே மருத்துவர்கள் மேற்கொள்ளும் விதி.

எனினும் ஒன்றை முன்னதாகவே சொல்லிவைத்தல் நலம். கருவுற்ற காலத்தில் கருப்பைக் கழுத்திற்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலால் பரிசோதனைக்குப் பின் சில துளி இரத்தம் தென்படலாம். அது கழுத்தின் மேற்பரப்பிலிருந்து வருவது, கருவிலிருந்து வருவதன்று. இதனை முன்பே அறிந்தவள் அக்கறையைக் கண்டு நடுங்கமாட்டாள்.

ஏன் தவிர்க்கலாகாது?

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய உள்வழி ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பெரிதும் துணை செய்கின்றன. அடிவயிற்றில் ஒரு பக்கத்து வலி, மயக்கம், தோள் நுனியில் வலி, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

முன் இழப்புள்ள பெண்ணுக்கு இதனால் வேறொரு நன்மையும் உண்டு. ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து இதயத் துடிப்பைக் காணலாம். துடிப்பைக் கண்ட பிறகு கர்ப்பம் நிலைக்கும் வாய்ப்பு மிகவும் உயர்கிறது. ஆயினும் முதல் ஸ்கேனில் துடிப்புத் தெரியாவிடில் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நாள் கணக்கில் பிழை இருக்கலாம். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லாதபோது, அல்லது கருப்பையின் சராசரி விட்டம் அன்று, கருவைச் சுற்றியுள்ள பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் கரு தென்படாதபோது மட்டுமே முடிவு கூறலாம் என 2013ஆம் ஆண்டில் வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. அதற்குக் குறைந்த அளவாயின், ஒன்று அல்லது இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நாட்கள் மிகக் கடினமானவை. ஊழியர் ஒரு முறையேனும் சென்று நலம் விசாரிக்க வேண்டிய நாட்கள் அவையே.

அச்சம் நியாயமாகும் இடங்கள்

எல்லாப் பரிசோதனைகளையும் ஒன்றாகக் கருதலாகாது. கையால் செய்யும் உட்பரிசோதனை ஒரு காலத்தில் கர்ப்பத்தை உறுதிப்படுத்தவே பயன்பட்டது. இன்று சிறுநீர்ப் பரிசோதனையே அதற்குப் போதும். ஆகவே, வலியோ இரத்தப்போக்கோ வேறு தேவையோ இன்றி வழக்கமாக அதனைச் செய்ய வேண்டியதில்லை. “இது எதற்காக?” என்று கேட்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு.

கருவைச் சுற்றியுள்ள நீரையோ நஞ்சின் திசுவையோ ஊசியால் எடுக்கும் பரிசோதனைகள் வேறு வகை. திசுப் பரிசோதனை பதினொன்றாம் வாரத்தையொட்டியும், நீர்ப் பரிசோதனை பதினைந்தாம் வாரத்திற்குப் பின்னரும் செய்யப்படுபவை. தேர்ந்த கைகளில் இவற்றால் நேரும் கூடுதல் இழப்பு இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. எனினும் இல்லை என்று சொல்ல இயலாது. தாயின் இரத்தத்திலேயே கருவின் மரபுப் பொருள் கலந்திருப்பதை 1997இல் டென்னிஸ் லோ குழுவினர் வெளியிட்டனர். அதன் பயனாக ஊசியைத் தவிர்க்கும் முதற்கட்ட இரத்தப் பரிசோதனைகள் பின்னர் வழக்கிற்கு வந்தன.

இவ்வகைப் பரிசோதனைகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவை இழந்திருப்பது, அச்சட்டம் அனுமதிக்கும் காரணங்களுள் ஒன்று. பக்க விளைவுகளை விளக்கி, பெண் அறிந்த மொழியில் எழுத்து வழி ஒப்புதல் பெற்று, அதன் நகலையும் அவளுக்குத் தர வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. பாலினத்தைக் கூறுதல் குற்றம். மலையாளமும் ஆங்கிலமும் எழுதப்பட்ட தாளில் தமிழ் மட்டும் அறிந்த பெண் கையொப்பமிட நேரும் எல்லைப் பகுதியில், “அறிந்த மொழியில்” என்னும் சொற்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊழியர் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்டல். முன்பு நடந்தது என்ன, எந்த வாரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்க காலத்தில் கருவை இழந்த பெண்களில் நூற்றுக்கு 29 பேரிடம் ஒரு மாதத்திற்குப் பின்னரும், 18 பேரிடம் ஒன்பது மாதங்களுக்குப் பின்னரும் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் காணப்பட்டன. எனவே, பரிசோதனை மேசையைக் கண்டதும் அவள் உடல் நடுங்குவது பிடிவாதத்தால் அன்று.

இரண்டாவது, நிகழப்போவதை முறைப்படி சொல்லுதல். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். மேற்புற ஸ்கேனுக்கோ சிறுநீர் நிறைந்திருக்க வேண்டும். உடன் ஒரு பெண் இருக்கலாம். திரை வேண்டும் எனக் கேட்கலாம். விரும்பினால் கருவியின் முனையைத் தானே செலுத்திக்கொள்ளவும் கேட்கலாம். “நிறுத்துங்கள்” என்றால் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, மாற்று வழியையும் கூறுதல். அவள் இன்னும் மறுத்தால், முதலில் மேற்புற ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்கலாம். சில நாட்கள் கழித்து அது தெளிவாகவும் தெரியக் கூடும். ஆபத்துக் குறிகள் இருந்தால் மட்டும் காலம் தாழ்த்தலாகாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான்காவது, துணைக்குச் செல்லுதல். இரு மாநிலங்களுக்கும் இடையில் சிகிச்சை பெறும் பெண்ணின் முந்தைய சீட்டுகள், இரத்த வகைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை ஓர் உறையில் சேர்த்து வைக்கச் செய்தால், செய்த பரிசோதனையையே மீண்டும் செய்யும் தொல்லை குறையும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. அடுத்தடுத்து நிகழ்வன எல்லாம் காரணமும் காரியமும் ஆகா என்பதை மாணவருக்குப் பயிற்றுவிப்பது அறிவியற் கல்வியின் அடிப்படை. மேலும், மருத்துவத் தாளைப் படித்துச் சொல்லும்படி கிராமத்தார் நாடுவது பெரும்பாலும் ஆசிரியரைத்தான்.

ஒரு முறை கருவை இழந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை நலமாகப் பெற்றெடுக்கின்றனர். இதனை அப்பெண்ணிடம் கூறுங்கள். அதற்கு முன், சென்ற முறை நிகழ்ந்தது அவள் குற்றமும் அன்று, பரிசோதனைக்கு அவள் இசைந்ததால் வந்ததும் அன்று என்பதைக் கூறுங்கள். அந்தச் சுமை இறங்கிய பின்னரே, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளால் அமைதியாக எண்ணிப் பார்க்க இயலும்.