கணினி கலைக்கும் சீட்டு

தோட்டங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்துவிட்ட செமினியில், வேலை முடிந்து வீடு திரும்பும் இளைஞனின் கைப்பேசிக்கே இன்று சூதாட்ட மேசை வந்து சேர்கிறது. எந்தப் போக்கர் தளம் நம்பத்தக்கது என்று அவன் கேட்பது இயல்பே. ஆயினும் அதைப் பரீட்சிக்கும் சாதனம் அவனிடம் இல்லை என்பதைச் சான்றுகளோடு எடுத்துரைப்பது அவசியமாகிறது.

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்டது. பிளானட் போக்கர் என்ற இணையத் தளம் பயன்படுத்திய மென்பொருளின் சீட்டுக் கலைக்கும் முறை, நேர்மைக்குச் சாட்சியாகப் பகிரங்கமாக வெளியிடப்பட்டிருந்தது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 429 கோடி அடுக்குகளுக்கு மேல் அதனால் உண்டாக்க இயலாதென்பதும், சர்வரின் கடிகாரத்தை அனுசரித்துக் கணக்கிட்டால் அவை 2 லட்சம் அளவுக்குச் சுருங்குமென்பதும், கையிலுள்ள இரண்டும் மேசையில் விரித்த மூன்றுமாகிய ஐந்து சீட்டுகளைக் கொண்டே பிறர் சீட்டுகளையெல்லாம் அறியலாமென்பதும் வெளிப்பட்டன. முறையை மறைத்து வைக்கும் தளத்தில் இந்தப் பரீட்சைக்கும் வழியில்லை.

உரிம முத்திரையும் போதிய பிரமாணமன்று. கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையத்திடம் உரிமம் பெற்றிருந்த அப்சொலூட் போக்கர், அல்டிமேட்பெட் ஆகிய தளங்களில், உள்ளிருந்தோர் எல்லார் சீட்டையும் பார்த்து ஆடிய வஞ்சகம் 2007, 2008ஆம் ஆண்டுகளில் அம்பலமாயிற்று. அதை முதலில் சந்தேகித்து ஆராய்ந்தவர்கள் ஆட்டக்காரர்களே. 2011இல் முடங்கிய ஃபுல் டில்ட் தளத்தின் அமெரிக்க வாடிக்கையாளர்கள், தங்கள் பணத்துக்காக 2014 வரை காத்திருந்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த அந்தத் தாமதமான நியாயமும் நமக்கு அரிது. மலேசியாவில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் மட்டுமே உண்டு. சூது ஒப்பந்தம் செல்லாதென்று 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு விதிப்பதால், வென்ற பணத்தைத் தளம் தர மறுத்தால் நீதிமன்றத்தில் கேட்கவும் இயலாது.

ஆயினும் ஏமாற்றப்பட்டவன் நிராதரவானவன் அல்லன். பணம் போனதை உணர்ந்த கணமே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணையும் தன் வங்கியையும் அழைத்து, பணம் அனுப்பிய ரசீதுகளோடு போலீஸ் புகார் செய்தல் வேண்டும். தானும் சூதாடியதால் குற்றம் தன்மேல் திரும்புமோ என அஞ்சுவோர், தாமதிக்காமல் வழக்கறிஞரை நாடுக. கடன் முற்றியவர் வட்டி முதலைகளிடம் செல்லாது, இலவச ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்தை அணுகலாம். யாருக்கும் பணம் அனுப்புமுன் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைச் சோதிப்பதும், தன் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ பிறர் உபயோகிக்க ஒருபோதும் கொடாதிருப்பதும் அத்தியாவசியம்.