தகட்டில் கீறிய தாய் மனசு

மடியில் ஏழு வயதுப் பையன். எதிரே கண்ணாடி. அவனை இறுக அணைத்தபடி, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வரைகிறாள் தாய். பாரம் தாங்காமல் அவள் முனக, பையனே அவளுக்குச் சமாதானம் சொன்னானாம்!

அந்தத் தாய் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் (1867-1945). பையன் பீட்டர். 1903-ல் அவள் வரைந்தது என்ன தெரியுமா? இறந்த குழந்தையை அணைத்துக் கதறும் ஒரு தாயை!

'ஐயோ, சொந்தப் பிள்ளையை வைத்தா?' என்று உங்களுக்குப் பதறுகிறதல்லவா? அவள் கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அங்கே வந்த பெண்களின் துயரத்தை அவள் தினம் கண்டவள்.

அவள் கையாண்ட முறைக்கு 'எட்சிங்' என்று பெயர். உலோகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறின இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மை தடவி, மேலாகத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி. பாத்திரத்தில் வெட்டின பேருக்குள் கரி புகுந்து நிற்குமே, அது மாதிரிதான் மையும்.

1914-ல் போர் வந்தது. பதினெட்டு வயது பீட்டர் பட்டாளத்துக்குப் போகத் துடித்தான். அப்பா சம்மதிக்கவில்லை. மகனின் ஆசைக்காகப் பரிந்து பேசி, சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் அம்மாதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் மாண்டான்.

'நானே அனுப்பிவிட்டேனே' என்ற வேதனை அவளை வருஷக்கணக்கில் அரித்தது. எட்சிங்கை விட்டு மரத்தைச் செதுக்கினாள். 1920-களின் தொடக்கத்தில் 'போர்' என்று ஏழு மரச்செதுக்குப் படங்கள் பிறந்தன. ஒன்றில், பச்சைக் குழந்தையைப் பலிகொடுப்பது போல் இரு கைகளாலும் ஏந்துகிறாள் தாய். இன்னொன்றில், குழந்தைகளை நடுவே வைத்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கோட்டையாக நிற்கிறார்கள் தாய்மார்கள்.

மறுபடி போர். முதிய வயதில், கல்லச்சில் ஒரு படம் போட்டாள். ஒரு கிழத்தாய் கைகளை விரித்துப் பையன்களை மூடிக்கொள்கிறாள். அவர்களோ வெளியே ஓடத் துள்ளுகிறார்கள். விதைத் தானியத்தை அரைத்துவிடக் கூடாது என்பது தலைப்பின் பொருள். 1942-ல், பீட்டர் என்றே பேர் வைத்திருந்த பேரனும் ரஷ்யாவில் போரில் இறந்தான்.

துள்ளுவது பிள்ளையின் ஆசை. பிடித்து வைப்பது தாயின் ஆசை. எதற்கு விடுவது, எதற்கு விடக்கூடாது? முன்பு விட்டுக்கொடுத்த தாய், கடைசிப் படத்தில் கையை எடுக்கவேயில்லை, பார்த்தீர்களா!