கணிப்பொறிப் பட்டியலும் வரிசை எண்ணும்

கல்லூரி அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் இடப்பக்க ஓரத்தில் ஒடுங்கிய கட்டம் ஒன்று காணப்படும். அதன் தலைப்பில் ‘வ. எண்’ என்று எழுதியிருக்கும். எழுத்தர் ஒரு வரியைத் தொடங்கும்போது முதலில் எழுதுவது அந்த எண்ணைத்தான். பெயர், ஊர், வகுப்பு ஆகியவை அதன்பின்னரே வரும். தாளில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைவதால், எண் அவ்வரியோடு உடன்பிறந்ததே போலத் தோன்றுகிறது. கணிப்பொறியின் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்த விவரங்களுக்கு இத்தகைய உடன்பிறந்த எண் கிடையாது. வினவல் ஒன்றை எழுப்பி விடையைப் பெறும்போது அதனை நாம்தான் சேர்க்க வேண்டும். மிக எளிய செயலெனத் தோன்றும் இதில் எத்தனை இடறுகற்கள் உள்ளன என்பதை நாம் ஒருமுறை இடறி விழுந்தே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்த மாணவர்களின் விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றிப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. விண்ணப்பித்தோர் இருநூற்றுக்கு மேற்பட்டோர். உதவி பெறுவோர் 40 பேர். மதிப்பெண் மிகுந்த 40 பேரை இறங்குவரிசையில் எண்ணிட்டுத் தருமாறு கேட்டிருந்தனர். ‘வரிசை எண் 40க்கு மிகாதவரைத் தருக, மதிப்பெண்ணின்படி அடுக்குக’ என்னும் பொருள்பட ஒரு வினவல் எழுதினோம். பட்டியல் வந்தது. மதிப்பெண்கள் மேலிருந்து கீழாகச் சீராக இறங்கின. ஆனால் எண்கள் மட்டும் 17, 3, 29 என முன்னும் பின்னுமாகக் கிடந்தன. ஏதோ அச்சுக் கோளாறு என்றெண்ணி, அவற்றை அடித்துவிட்டு 1 முதல் 40 வரை கையாலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். நமக்குக் கிட்டிய ஒரே எச்சரிக்கையை நம் கையாலேயே அழித்தோம் என்பது அப்போது விளங்கவில்லை.

மறுநாள் முற்பகலில் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தார். “ஐயா, எனக்கு 86 விழுக்காடு. பட்டியலில் நாற்பதாவதாக உள்ளவருக்கு 71 என்று போட்டிருக்கிறது. என் விண்ணப்பம் வந்து சேரவில்லையா?” என்று கேட்டார். விண்ணப்பம் வந்திருந்தது, கணிப்பொறியிலும் ஏறியிருந்தது. பட்டியலில் மட்டும் இல்லை. ஆராய்ந்தபோது அவரைப் போன்று விடுபட்டோர் மேலும் பலர் இருந்தனர். நாம் ஒட்டிய பட்டியல் மதிப்பெண் மிகுந்த நாற்பதின்மரின் பட்டியல் அன்று; கணிப்பொறியின் கைக்கு முதலில் அகப்பட்ட நாற்பதின்மரை மதிப்பெண்படி அடுக்கிய பட்டியல்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளத் தரவுத்தளத்தின் அடிப்படையைச் சற்றே காண வேண்டும். இன்று வழக்கிலுள்ள உறவுமுறைத் தரவுத்தளத்தின் கொள்கையை 1970ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர் எட்கர் காட் என்னும் கணித அறிஞர். இங்கிலாந்தில் பிறந்த இவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது இதனை எழுதினார்; 1981இல் டூரிங் விருது பெற்றார். இவரது கொள்கையின்படி அட்டவணை என்பது கணிதத்தில் கூறப்படும் கணத்தின் தன்மையுடையது. கணத்தில் ஓர் உறுப்பு உளதா இலதா என்று வினவலாம். அஃது எத்தனையாவது உறுப்பு என்று வினவ இயலாது. கூடை நிறைய மாம்பழங்களை வைத்துக்கொண்டு, இவற்றுள் மூன்றாவது பழம் எது என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? எடைப்படி மூன்றாவதா, நிறத்தால் மூன்றாவதா என்று திருப்பிக் கேட்போம். அதுவே தரவுத்தளத்தின் நிலையும் ஆகும்.

காட் இதனை வேண்டுமென்றே இவ்வாறு வகுத்தார். அவருக்கு முற்பட்ட அமைப்புகளில், விவரங்கள் சேமிக்கப்பட்ட வரிசையை நம்பியே செய்நிரல்கள் எழுதப்பட்டு வந்தன. சேமிப்பின் ஒழுங்கைச் சற்றே மாற்றினாலும் அச்செய்நிரல்கள் பழுதுபட்டன. அந்தப் பிணைப்பை அறுத்ததே அவரது பெருங்கொடை. 1974இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் அறிமுகப்படுத்திய வினவுமொழி, பின்னர் எஸ்.க்யூ.எல். என்று பெயர்பெற்று, 1986இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அம்மொழியில் வரிசை வேண்டுவோர் ‘ஆர்டர் பை’ என்னும் தொடரால் வெளிப்படக் கேட்க வேண்டும். கேளாதவர்க்கு இன்று ஒரு வரிசையிலும் நாளை வேறொரு வரிசையிலும் விடை வரலாம். இரண்டும் பிழையற்ற விடைகளே. நாள்தோறும் ஒரே வரிசையில் வருகிறதே என்று நம்பியிருப்பவரைத்தான் இது ஒருநாள் ஏமாற்றும்.

இனி எண்ணிடும் முறைகளுக்கு வருவோம். ஆரக்கிள் என்னும் தரவுத்தள மென்பொருளில் ‘ரோநம்’ என்றொரு போலிப்பத்தி நெடுங்காலமாக உண்டு. அட்டவணையில் இல்லாத பத்தி அது. விடை உருவாகும்போதே ஒவ்வொரு நிரைக்கும் 1, 2, 3 என எண் தருவது. எப்போது தருகிறது என்பதில்தான் நுட்பம் உள்ளது. நிரை, தெரிவு நிபந்தனையைக் கடக்கும் தறுவாயில் எண் இடப்படுகிறது. அடுக்கும் பணி அதன் பின்னரே நடைபெறுகிறது. திருமண மண்டபத்தின் வாயிலில் நிற்பவர், வந்த வரிசையில் 40 பேருக்குச் சீட்டுக் கொடுத்து உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிடுகிறார். பிறகு உள்ளே இருப்பவர்களை உயரத்தின்படி நிறுத்துகிறார். உள்ளே வரிசை அழகாகத்தான் இருக்கும். ஊரிலேயே உயரமானவர் வெளியே வெயிலில் நிற்கக்கூடும். நம் பட்டியலில் நேர்ந்தது இதுவே. 17, 3, 29 என்ற எண்கள் அவர்கள் வாயிலைக் கடந்த வரிசையைக் காட்டின.

அதே வாயிற்காவலரிடம், ‘1க்கு மேற்பட்ட எண்ணுடையவரை மட்டும் உள்ளே விடுக’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருபவருக்கு உரிய எண் 1. ஆகவே அவர் திருப்பி அனுப்பப்படுவார். அவர் உள்ளே போகாமையால் அந்த எண் செலவாகவில்லை. அடுத்து வருபவருக்கும் எண் 1; அவரும் திரும்புவார். இவ்வாறே மண்டபம் இறுதிவரை காலியாக இருக்கும். ‘ரோநம்’ 1க்கு மிகுதி என்று நிபந்தனை விதித்தால் ஒரு நிரையும் வாராமைக்குக் காரணம் இதுவே. கணிப்பொறி பயிலும் மாணவர் பலர் இதைக் கண்டு மருள்வதுண்டு.

இதற்கு மாற்று, வினவலுக்குள் வினவல் அமைப்பது. உள்வினவல் மதிப்பெண்படி அடுக்கி முடித்த பின்னர், வெளிவினவல் எண்ணிட்டு முதல் 40ஐ எடுக்கும். கதவை அடைப்பதற்கு முன்பே திடலில் அனைவரையும் உயரத்தின்படி நிறுத்திவிடுவது எனலாம். அன்று மாலையே அவ்வாறு திருத்தி உரியவர்களைக் கண்டறிந்தோம். பணம் இன்னும் வழங்கப்படவில்லை என்பது ஆறுதலாயினும், பலகையில் தம் பெயரைக் கண்டு வீட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டவர்களை அழைத்து, உங்கள் பெயர் தவறி இடம்பெற்றது என்று கூற நேர்ந்ததை மறக்க இயலவில்லை. அவர்கள் ஒரு பிழையும் செய்தவர்கள் அல்லர்.

எண்ணிடும் வசதி எதுவும் இல்லாத மென்பொருள்களில் முன்னாளில் வேறொரு வழி கையாளப்பட்டது. இன்றும் சிற்சில இடங்களில் கையாளப்படுகிறது. ஒவ்வொரு மாணவரையும் எடுத்துக்கொண்டு, இவரைவிட மிகுந்த மதிப்பெண் பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணி அதனோடு 1 கூட்டுவது. எவரும் இலர் எனில் அவர் முதல்வர். கருத்தளவில் இதனினும் தெளிவான முறை வேறில்லை என்பது நம் எண்ணம். வகுப்பில் கற்பிக்க ஏற்றது. ஆனால் விலை மிகுதி. 1000 மாணவர் இருப்பின், ஒவ்வொருவருக்காகவும் ஆயிரவரையும் பார்க்க வேண்டியிருப்பதால் ஒப்பீடுகள் 10 இலட்சத்தை எட்டும். ஒருமுறை அடுக்கிவிட்டு வரிசையாக எண்ணிச் செல்வதற்கோ ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகளே போதும்.

2003ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநிலை இச்சிக்கலுக்குச் செம்மையான தீர்வை வழங்கியது. ‘ரோ_நம்பர்’ என்னும் செயற்கூற்றை எழுதி, ‘ஓவர்’ என்ற சொல்லுக்குப்பின் எந்த அடிப்படையில் எண்ண வேண்டும் என்பதையும் அங்கேயே கூறிவிடலாம். எண்ணும் அதன் வரிசையும் ஒரே இடத்தில் பிணைந்துவிடுவதால் நாம் செய்த பிழைக்கு இங்கு இடமில்லை. ஆரக்கிள் இதனை முன்னரே கொண்டிருந்தது, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2005இலும், போஸ்ட்கிரெஸ் 2009இலும், மைஎஸ்க்யூஎல் 2018இலும் இதனை ஏற்றன. ‘பார்ட்டிஷன் பை’ என்ற தொடரைச் சேர்த்தால் துறைவாரியாக எண் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். எண் 40க்கு மிகாதவர் என்று இதிலும் நேரடியாக வடிகட்ட முடியாது. தெரிவு நிபந்தனை முன்னரே முடிந்துவிடுவதால் வினவலுக்குள் வினவல் இங்கும் தேவை. எண்ணுவதற்குக் கூறிய வரிசை, அச்சிடும் வரிசைக்கு உறுதியளிப்பதில்லை என்பதும் நினைவிற்குரியது. இறுதியில் ‘ஆர்டர் பை’ தனியே எழுதப்பட வேண்டும்.

சமமான மதிப்பெண் வரும்போது கணிப்பொறியின் எல்லை முடிந்து மனிதரின் பொறுப்பு தொடங்குகிறது. நால்வரின் மதிப்பெண்கள் 86, 84, 84, 81 என்று கொள்வோம். ‘ரோ_நம்பர்’ இவர்களுக்கு 1, 2, 3, 4 என்று தரும். ‘ரேங்க்’ என்னும் செயற்கூறு 1, 2, 2, 4 என்று தரும். ‘டென்ஸ் ரேங்க்’ 1, 2, 2, 3 என்று தரும். மூன்றும் சரியே. உதவி இருவருக்கு மட்டும் என்றால், 84 பெற்ற இருவருள் ஒருவருக்கு ‘ரோ_நம்பர்’ 2ஐக் கொடுத்து மற்றவரை 3க்குத் தள்ளிவிடும். எவரைத் தள்ளும்? நாம் சொல்லாவிடில் அதற்கு விதியே இல்லை. காலையில் ஒருவரும் மாலையில் மற்றவரும் தள்ளப்படலாம். ஆகவே குடும்ப வருவாய், பிறந்த நாள் என இரண்டாம் மூன்றாம் அளவைகளை வழங்குவோரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து வினவலில் எழுத வேண்டும். நம் திருத்தப்பட்ட பட்டியலிலும் நாற்பதாம் இடத்தில் இருவர் சமமாக நின்றனர். வழங்குவோரிடம் கேட்டோம், அவர்கள் 41 பேருக்கும் வழங்க இசைந்தனர்.

தமிழ்த்துறையினராகிய நமக்கு மட்டுமே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பெயரின் அகரவரிசைப்படி எண்ணிட வேண்டுமென்று வையுங்கள். அப்துல், அமீர், அலி, அன்வர், அஹமது ஆகிய ஐவரை நம் அகராதி மரபு இவ்வரிசையில்தான் வைக்கும். னகரம் மெய்யெழுத்துகளின் இறுதியில் நிற்பதாலும், கிரந்த எழுத்து அதற்கும் பின்னர் வருவதாலும் அன்வருக்கு எண் 4, அஹமதுக்கு எண் 5. தமிழ் ஒழுங்கை அறியாத கணிப்பொறியோ எழுத்துகளின் ஒருங்குறி எண்ணைக் கொண்டு அடுக்கும். ஒருங்குறி, இந்திய எழுத்துகள் பலவற்றையும் ஒரே சட்டத்தில் அடுக்கிய 1988ஆம் ஆண்டின் இஸ்கி ஒழுங்கைப் பின்பற்றியது. அதில் நகரத்தை அடுத்தே னகரம் அமர்ந்துவிட்டது. பகரம் அதற்குப் பின். எனவே அன்வர் முதலிடத்துக்குத் தாவ, அப்துல் இரண்டாமிடத்துக்கு இறங்குவார். புள்ளிக்குரிய குறியும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே வைக்கப்பட்டிருப்பதால், அகராதியில் ‘அக்கா’வுக்குப் பின் வரும் ‘அகம்’ கணிப்பொறியில் முந்திக்கொள்கிறது. தமிழ் அகரவரிசையைத் தனியே குறிப்பிடும் வசதி போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் இருக்கிறது. அதனைக் குறிப்பிடாமல் எண்ணிட்டால் எண்கள் மட்டும் 1, 2, 3 என்று அழகாக ஓடும்.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு துறை நூலகத்தின் நூற்பட்டியலைக் கணிப்பொறியில் அமைத்தபோது, தமிழ் அகரவரிசையைக் குறிப்பிட்டு, தலைப்பு ஒன்றாயின் ஆசிரியர் பெயரையும், அதுவும் ஒன்றாயின் நூற்பதிவு எண்ணையும் அடுத்தடுத்த அளவைகளாக எழுதினோம். இரு நூல்களுக்கு ஒரே பதிவு எண் இராது; ஆதலின் எத்தனை முறை எடுத்தாலும் ஒரே வரிசை வருகிறது. புதிய நூல் ஒன்று சேர்ந்ததும் அதற்குக் கீழுள்ளவற்றின் வரிசை எண்கள் அனைத்தும் ஒன்று கூடிவிடுகின்றன. ஆகவே வரிசை எண்ணை நாம் எங்கும் சேமிப்பதில்லை. பட்டியல் எடுக்கும்போது மட்டும் பிறக்கிறது. நூலின் முதுகில் ஒட்டுவதும், இரவல் பெறும் மாணவரின் அட்டையில் குறிப்பதும் பதிவு எண்ணையே.