தன்னுடையதும் பிறருடையதும்

சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், அவ்வூருக்கு அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்து வடலூரில் சத்திய தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகளும், மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற அருட்பா வழக்கில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். ஆயினும், பிறர் பொருளுக்கு ஊறு செய்யலாகாது என்னும் அறத்தை எளிய உரைநடையில் எடுத்துரைத்ததில் இருவருக்கும் வேறுபாடில்லை. நாவலர் மாணவர்களுக்கென எழுதிய பாலபாடம் நான்காம் புத்தகத்தில் களவு தனிப்பாடமாகவே அமைந்துள்ளது. அடிகள் 1854இல் வெளியிட்ட மனுமுறை கண்ட வாசகத்திலோ, தேர்க்காலில் கன்று இறந்த செய்தி கேட்ட சோழ மன்னன் முன்பு என்னென்ன பாவம் செய்தேனோ என்று அடுக்கிப் புலம்புமிடத்தில், திருடருக்கு உளவு சொல்வது, பகையால் அயலார் பயிரை அழிப்பது, பொது மண்டபத்தை இடிப்பது, வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைப்பது ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் வருகின்றன. எடுப்பது மட்டுமன்று, கெடுப்பதும் கொடுக்கவேண்டியதைக் கொடாமையும் பிறர் உடைமைக்கு இழைக்கும் தீங்கே என்னும் விரிந்த பார்வை அதில் உள்ளது.

இவை எழுத்தறிந்தோர்க்கு உரிய நூல்கள். ஆனால், ஒரு பொருள் ஒருவருக்கு உரியது, அவருடைய இசைவின்றி மற்றவர் அதை எடுக்கலாகாது என்னும் உடைமையுணர்வு, எழுத்தறியும் முன்னரே குழந்தையிடம் வேர்விடத் தொடங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கையுறைப் பொம்மை ஒன்று பொருள்களை எடுத்துச்செல்லவோ எறியவோ முயல்வதாகக் காட்டப்பட்டபோது, இரண்டு வயதுக் குழந்தைகள் தம் பொருளுக்காக மட்டுமே மறுப்புத் தெரிவித்தனர். மூன்று வயதுக் குழந்தைகளோ வேறொருவருடைய பொருளுக்காகவும் குரல் கொடுத்தனர். இரண்டு வயதில் எதைக் கண்டாலும் 'என்னுது' என்று பற்றிக்கொள்ளும் குழந்தை தீய வழியில் செல்வதாகக் கருதுவதற்கில்லை என்பதும், தனக்குரியதை உணர்வதே பிறருக்குரியதை உணர்வதற்கு முதற்படி என்பதும் இதனால் விளங்குகின்றன.

உரிமையைக் கண்ணால் பார்க்க இயலாது என்பதே இப்பருவத்தினர்க்குள்ள பெரிய இடர்ப்பாடு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் நடத்திய ஆய்வுகளின்படி, முதலில் ஒரு பொருளை வைத்திருப்பவரையே அதற்கு உரியவர் என்று சிறுவர் கொள்கின்றனர். மேலும், மனிதர் செய்த பொருளுக்கு உரிமையாளர் இருப்பார் என்றும், இயற்கையில் கிடைப்பதற்கு எவரும் உரியவரல்லர் என்றும் மூன்று வயதிலேயே எண்ணுகின்றனர். இந்தக் கணிப்பு பல இடங்களில் பொருந்தினாலும், பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்பில் பொருந்தாது. முந்திரியில் பழுத்துத் தானே உதிர்ந்த கொட்டையைப் பொறுக்குவதே அறுவடையாதலால், தரையில் கிடப்பது தோப்புக்காரரின் ஆண்டு வருவாயாகும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆளின்றிக் கிடக்கும் வலையும் அவ்வாறே ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஆகவே, 'எடுக்காதே' என்று அதட்டி நிறுத்திவிடாமல், அது யாருடையது, அதை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார், அது இல்லாவிட்டால் அவருக்கு என்ன நேரும் என்று சொல்லிக் காட்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத உரிமை குழந்தைக்குப் புலனாகிறது.

வீட்டில் இப்பாடம் பெரும்பாலும் தலைகீழாகவே நடத்தப்படுகிறது. உறவினர் வீட்டுக் குழந்தை அழுதால், 'தம்பிக்குக் கொடுத்துவிடு, நீதான் பெரியவன்' என்று சொல்லி மூத்த குழந்தையின் பொம்மையை அதன் இசைவு கேளாமலே பிடுங்கித் தருவது பல குடும்பங்களில் வழக்கம். பகிர்தல் நற்பண்பே, ஆயினும், மறுக்கும் உரிமை உள்ளவர் மனமுவந்து கொடுப்பதே பகிர்தல் ஆகுமாதலால், பிடுங்கித் தருவதிலிருந்து வலியவர் விரும்பியதை எடுக்கலாம் என்பதையே குழந்தை கற்றுக்கொள்கிறது. இதற்கு மாறாக, பையோ பெட்டியோ ஒன்றைக் குழந்தைக்கென்றே ஒதுக்கி, அதிலுள்ளதை எடுக்கும் முன் பெரியவர்களும் கேட்பதை வழக்கமாக்கினால், கேட்டுப் பெறுதல், கவனமாகப் பயன்படுத்துதல், திருப்பித் தருதல் என்னும் மூன்றும் அறிவுரையின்றியே படிந்துவிடும்.

அங்கன்வாடிக்குச் செல்லும் குழந்தை இதற்கு அடுத்த நிலையை அங்கே சந்திக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்கும் இம்மையங்களில் விளையாட்டுப் பொருள்கள் எவர் ஒருவருக்கும் உரியவை அல்ல, எல்லார்க்கும் பொதுவானவை. முறை வரும்வரை காத்திருத்தலும், விளையாடி முடித்ததை எடுத்த இடத்தில் வைத்தலும், உடைந்ததை மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுதலும் பொது உடைமையைப் பேணும் பயிற்சிகளாகும். பொது மண்டபத்தை இடிப்பதையும் அயலார் பயிரை அழிப்பதையும் அடிகள் ஒருங்கே வைத்ததன் பொருளை இவ்வயதில் செயலாலேயே உணர்த்திவிடலாம்.

இவ்வளவுக்குப் பின்னும், அடுத்த குழந்தையின் பென்சிலோ ரப்பரோ வீட்டுக்கு வந்துசேரும் நாள் உண்டு. அப்போது 'திருட்டுப் பயல்' என்று பெயர் சூட்டுவது அறியாமை. ஏழு வயது நிரம்பாத குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்துள்ளமையால், வகுப்பின்முன் நிறுத்தி அவமானப்படுத்துவதற்கும் இடமில்லை. செய்யத்தக்கது, மறுநாளே பெரியவர் ஒருவர் உடன்சென்று, குழந்தையின் கையாலேயே அதை உரியவரிடம் கொடுக்கச் செய்வதாகும். மூன்று, ஐந்து வயதினரிடையே லைப்சிக் ஆய்வாளர்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எடுத்தவரைத் தண்டிப்பதைவிடப் பொருளை உரியவரிடம் சேர்ப்பதையே சிறுவர் பெரிதும் விரும்பியது தெரியவந்தது. தண்டனைக்கு அஞ்சும் குழந்தை மறைக்கப் பழகும். திருப்பிக் கொடுத்த குழந்தையோ தவற்றைச் சரிசெய்யலாம் என்பதை அறிந்துகொள்ளும்.

பிறர் பொருளை மதிக்கும் பண்பு, பார்ப்பவர் இல்லாதபோதும் நிலைத்தால்தான் முழுமை பெறும். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் ரோட்டரி சங்கத்தினர் காந்தி பிறந்த நாளில் நடத்திவரும் ஆளில்லாக் கடை, வேண்டியதை எடுத்துக்கொண்டு உரிய விலையைத் தாமே வைத்துச்செல்லும் ஏற்பாட்டினால், இந்நிலையை ஊரறியக் காட்டுகிறது. ஆயினும், குழந்தை நாள்தோறும் காணும் பள்ளி அதன் வீடே. பூசைக்கென்று விடியலில் அண்டை வீட்டு வேலியோரச் செம்பருத்தியைக் கேளாமல் பறிப்பவரும், இரவல் வாங்கிய பாத்திரத்தை மாதக்கணக்கில் திருப்பாதவரும், வேலைக்கு வந்தவரின் கூலியில் பத்து ரூபாயைப் பிடித்துக்கொள்பவரும், தம் பிள்ளை ஒரு பல்பத்தை எடுத்துவந்ததற்காகக் கையை ஓங்குவார்களாயின், அங்கே முதலில் பாடம் கற்கவேண்டியவர் அப்பிள்ளை அல்லர்.