உஷார்! தங்கவயலில் சயனைடு மேட்டைக் கிளறப் போகிறார்கள்

கோலார் தங்கவயலில் உறவுக்காரர் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். 2001இல் சுரங்கத்தை மூடியபோது ஊருக்கு மிஞ்சியவை, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேடுகள். அப்படிப்பட்ட 13 மேடுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை தலையாட்டிவிட்டது.

டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத மண் அது. அதிலும் லாபம் பார்க்கலாம் என்ற துணிச்சல் தங்கம் விற்கும் விலையாலும் கார்பன் முறையாலும் வந்தது. மண்ணைச் சேறாகக் கரைத்து, சயனைடு கலந்து, பதப்படுத்திய தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் போட்டால், கரைந்த தங்கம் கரியில் ஒட்டிக்கொள்ளும். கெட்டிக்கார வித்தைதான். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடியது. அதனால் பழைய சயனைடைவிட, புதிதாக வந்து இறங்கப் போவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ருமேனியாவின் பாயா மாரே நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஊரை ஒட்டித் தூசி கிளப்பிக்கொண்டிருந்த பழைய கழிவை அள்ளி, தங்கத்தைப் பிரித்து, மிச்சத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத்தான் அவுருல் நிறுவனமும் வந்தது. தண்ணீர் உள்ளேயே சுற்றும், சொட்டுகூட வெளியேறாது என்பது ஏற்பாடு. 1999இல் ஆலை ஓடத் தொடங்கியது. 2000 ஜனவரி 30 இரவு, உருகிய பனியும் மழையும் சேர்ந்து கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடுத் தண்ணீர் ஆறு ஆறாகப் பாய்ந்து டிசாவைத் தொட்டு, டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்ததாகக் கணக்கு. ஆலைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை!

தங்கவயலில் பனி இல்லை, சரி. கொட்டித் தீர்க்கும் மழை உண்டே? பக்கத்தில் பேத்தமங்கலாவில் ஓடும் பாலாறு, ஆந்திராவைக் கடந்து வாணியம்பாடிக்கு வருகிறது. வேலூர்க்காரர்களும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

அரைத்த சேறு எங்கே தேங்கும், கரை எத்தனை சென்டிமீட்டர் மழையைத் தாங்கும், சயனைடை முறித்த பிறகுதான் சேற்றை வெளியே விடுவார்களா என்று கூட்டம் போட்டால் எழுந்து கேளுங்கள். தோண்டும்போது பறக்கும் சிலிக்கா தூசியையும் விடாதீர்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அது நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் லாரி வருவதற்குள் உங்கள் கிணற்று நீரையும் போர்வெல் நீரையும் ஆய்வகத்தில் கொடுத்து, சயனைடு, ஆர்சனிக் அளவைப் பார்த்து, அறிக்கையைத் தேதியோடு வாங்கி வையுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், ‘இதெல்லாம் முன்னாலேயே இருந்ததுதானே’ என்று யாரும் கைகழுவ முடியாது.