புல்லுக்கு அடிக்கும் மருந்தும் இரத்தப் புற்றுநோயும்

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற மாதம் என்னிடம் கேட்டான்: "சேர், புல்லுக்கு மருந்தடிச்சதாலயா வாப்பாக்கு இந்த வருத்தம்?" அவனது வாப்பா இருபத்தைந்து வருடமாக வயல்களில் கூலிக்கு மருந்தடித்தவர். இப்போது லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக மஹரகமவுக்குப் போய் வருகிறார். இரத்தப் புற்றுநோய் வகைகளில் இதுவும் ஒன்று. நான் தமிழ் படிப்பிக்கிறவன். உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

அதிகம் பேசப்படும் களைநாசினி கிளைபொசேட். அமெரிக்காவின் மொன்சாண்டோ கம்பனி 1974இல் 'ரவுண்டப்' என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. சில அமினோ அமிலங்களை ஆக்குவதற்குத் தாவரங்களுக்குத் தேவையான ஒரு நொதியத்தை இது தடுக்கிறது, புல் பட்டுப்போகிறது. மனித உடலில் அந்த நொதியம் இல்லை. அதனால் நமக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது.

2015 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதனை 'மனிதரில் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. விலங்குகளில் போதுமான சான்று உண்டு, மனிதரில் லிம்போமாவின் ஒரு பெரும் பிரிவு தொடர்பாக மட்டுப்பட்ட சான்றே உண்டு என்றது. அதே வருடம் நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை, புற்றுநோய் அபாயத்துக்குச் சாத்தியம் குறைவு என்று முடிவு செய்தது.

ஏன் இந்த முரண்பாடு? முதல் நிறுவனம் பகிரங்கமாக வெளிவந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தது. கடையில் விற்கும் கலவைகள் பற்றிய ஆய்வுகளையும் எடுத்துக்கொண்டது. மற்றது தனி இரசாயனத்தையே பிரதானமாக மதிப்பிட்டது. கம்பனிகள் கையளித்த ஆய்வுகளையும் சேர்த்தது. நம்மவர் தாங்கியில் ஊற்றுவது கலவையைத்தான்.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் சிக்கல் உண்டு. நோய் வந்தவரிடம் "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டால், அவர் பழைய நாட்களைக் கிண்டிக் கிண்டி நினைப்பார், சுகமாயிருப்பவர் அப்படி நினைப்பதில்லை. இதைத் தவிர்க்க, அமெரிக்காவில் மருந்தடிக்கும் 54 ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் முன்கூட்டியே விபரம் பெற்று, பல வருடம் அவதானித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவில் லிம்போமாவுடன் தொடர்பு தென்படவில்லை. ஆனால் 2019இல், அந்த ஆய்வையும் பிற ஆய்வுகளையும் சேர்த்துக் கணித்த இன்னொரு குழு, மிக அதிகமாகப் பாவித்தோருக்கு அபாயம் 41 சதவீதம் கூடுகிறது என்றது. அதாவது, ஆயிரம் பேரில் 20 பேருக்கு வரும் நோய் 28 பேருக்கு வரலாம்.

அந்த 28 பேரில் மருந்தால் வந்த எட்டுப் பேர் யாரென்று எந்த டொக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2018இல் கலிபோர்னியாவில் ஒரு பாடசாலை மைதானப் பராமரிப்பாளருக்கு நட்டஈடு வழங்குமாறு ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். அது சட்டத்தின் முடிவு. விஞ்ஞான விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை. நம் நாட்டில் 2015இல் வந்த கிளைபொசேட் தடையும் சிறுநீரக நோய் பற்றிய பயத்தினால் வந்ததே. 2022இல் அது நீக்கப்பட்டது.

மாணவனிடம் இப்படித்தான் சொன்னேன்: "மகன், மருந்தாலதான் எண்டும் சொல்லேலா, இல்லயெண்டும் சொல்லேலா. வாப்பா அடிச்சது ஒரு மருந்து மட்டுமில்லயே."

அவன் தலையாட்டினான். பிறகு, "இப்ப காக்காதான் தாங்கிய எடுத்திட்டுப் போறாரு" என்றான். எனக்கு நெஞ்சு பதறியது. நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் அந்தப் பிள்ளையை நினைக்கவேயில்லை.

மருந்து உடலுக்குள் போகும் பிரதான வழி தோல். வெறுங்கையால் கலக்குவதும், ஒழுகும் தாங்கியை முதுகில் சுமப்பதும், நனைந்த சாரனோடு வரம்பில் இருந்து சோறு தின்பதும் நம் ஊரில் வழமை. இறப்பர்க் கையுறை, நீளக் கைச் சட்டை, பூட்ஸ் போட வேண்டும். காற்றுக்கு எதிரே அடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுப்பை வேறாகக் கழுவ வேண்டும். விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. வயலுக்குச் சொந்தக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: கூலியோடு ஒரு சோடி கையுறையும் கொடுங்கள்.