கடலைத் தடுக்க ஒரு படிப்பு

கேரித் தீவிலோ சபாக் பெர்ணம் பக்கத்திலோ இருக்கும் வாசகர்களுக்குக் கரையோர மண்வரப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதன்மேல்தானே சைக்கிள் விடுகிறோம், தூண்டில் போடப் போகிறோம்! ஆனால், பெரிய அலை ஏறும் நாளில் நம் செம்பனை நிற்கும் மண் பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

வரப்பிலுள்ள தண்ணீர்க் கதவு, கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும். வற்றும்போது திறந்து, மழைநீரை வெளியே விடும். கதவு பழுதானால் உப்புநீர் வாய்க்காலுக்குள் வந்துவிடும். நண்டு வளையில் கசியும் நீர் மண்ணை உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒருநாள் வரப்பையே உடைத்துவிடும். முன்னால் நிற்கும் பாக்காவ் மரங்களை வெட்டினாலோ, அலையின் முழு அடியும் வரப்பின்மேல்தான்.

கடலும் உயர்கிறது. சிங்கப்பூரைச் சுற்றி 2100-க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024-இல் கணித்தார்கள். அங்கே கடலோரப் பாதுகாப்புக்கென்றே 2023-இல் ஓர் ஆய்வுக் கழகம் அமைத்து ஆட்களைப் பழக்குகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. எஸ்.பி.எம். முடித்தபின் பொலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா படிக்கலாம். ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஓமாரிலும் அது உண்டு. நில அளவை, மண் சோதனை, நீரோட்டக் கணக்கு எல்லாம் அங்கே பாடம். சேற்றில் இறங்கும் வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் இறங்காத சேறா? பெண்பிள்ளைகளும் படிக்கலாம்.

கணிதம் மட்டும் கைவிடக்கூடாது. நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.